நாள்பட்ட ஒருதலைக் காதல் பித்து: ஹிப்னோதெரபியால் எதைச் செய்ய முடியும், எப்படிச் செய்ய வேண்டும்?

கயல் எழுதியது:

ஒருத்தர் நினைப்பிலேயே வருஷக்கணக்கில் கிடப்பவர்கள் ஹிப்னோதெரபி பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "அவங்களை மறக்க வச்சிட முடியுமா?" என்றுதான். முடியாது. ட்ரான்ஸ், அதாவது ஹிப்னாஸிஸ் என்ற அறிதுயிலில் மனம் ஆழ்ந்து ஒருமுகப்படும் நிலை, முடிந்த பிறகு மறதி உண்டாக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் ஹிப்னாஸிஸுக்கு மிக எளிதில் வசப்படும் சிறு பகுதியினருக்குத்தான் அது வரும். அதுவும் தற்காலிகம். முன்பே வைத்த குறிச்சொல்லைச் சொன்னதும் நினைவு அப்படியே திரும்பிவிடும். நினைவை அழித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

1979இல் அமெரிக்க உளவியலாளர் டாரதி டென்னவ் இந்த நிலைக்கு லிமரன்ஸ் என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தணியும் என்பது அவர் கணிப்பு. தணிவதற்கு மூன்று வழிகள் சொன்னார்: காதல் கைகூடுவது, நம்பிக்கைக்குத் தீனி இல்லாமல் வற்றிப்போவது, வேறொருவர் மேல் மனசு தாவுவது. எட்டு வருஷம், பத்து வருஷம் என்று இழுத்தால் தீனி எங்கிருந்தோ போய்க்கொண்டே இருக்கிறது. அது பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. பொங்கலுக்கு வந்த ஃபார்வர்டு வாழ்த்து, மாற்றிய டிபி, ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் பட்டியலில் அந்தப் பெயர். இவ்வளவு போதும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைக்கிற பரிசு பழக்கத்தை லேசில் விட விடாது என்பதை 1950களிலேயே ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்து விரிவாகப் பதிவு செய்துவிட்டார்கள்.

ஆகவே ஹிப்னோதெரபி குறி வைக்க வேண்டியது அந்தக் காத்திருப்பை. அந்த ஆளை அல்ல. இந்த இழையில் அதற்கான படிகளை முழுசாக எழுதி வைப்போம். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பொருநை எழுதியது:

கயல் மேடம், அதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. யாரை ட்ரான்ஸில் உட்கார வைக்கக் கூடாதுன்னு முதல்ல பார்க்கணும்.

"அவருக்கும் என் மேல ஆசைதான், வெளியே சொல்ல முடியலை. டிவியில செய்தி வாசிக்கும்போது எனக்கு ஜாடை காட்டுறார்." இப்படி அசைக்க முடியாம நம்புறவருக்கு இருப்பது காதல் பித்து இல்லை. எரோட்டோமேனியா. 1921இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் க்ளேராம்போ விவரித்த பிரமை நோய். ஹிப்னாஸிஸ் இங்கே அந்தப் பிரமைக்கு இன்னும் உருவம் கொடுத்துடும். நேரா மனநல மருத்துவர்கிட்ட போகணும்.

அடுத்தது தூக்கம். ரெண்டு மூணு மணி நேரம் தூங்கியும் சோர்வே இல்லை, பேச்சு வேகம், கண்டபடி செலவு, நடுராத்திரியில நீள நீளமா மெசேஜ். இது பைபோலாரின், அதாவது மனநிலை எல்லை மீறி ஏறி இறங்குற நோயின், ஏற்றமா இருக்கலாம். அப்புறம் மன அழுத்தம். சாப்பாடு இறங்கலை, வேலைக்குப் போகலை, செத்துடலாம்னு தோணுதுன்னா அதைத்தான் முதல்ல கவனிக்கணும், காதல் காத்திருக்கலாம். அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழ்லயே பேசலாம்.

வலிப்பு இருக்கிறவங்க, கடுமையான அதிர்ச்சி அனுபவம் இருக்கிறவங்க, அப்பப்போ "நான் நானா இல்லை"ன்னு விலகிப் போறவங்க: இவங்களுக்கு மருத்துவர் ஒப்புதலோடதான். ஒசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து படுத்துற நோய், இருக்கான்னும் பாருங்க. 1999இல் பீசா பல்கலைக்கழகத்துல டொனாடெல்லா மராஸிட்டி குழு, புதுசா காதல்ல விழுந்த 20 பேர், ஒசிடி உள்ள 20 பேர், சாதாரண நிலையில 20 பேர்னு எடுத்து ரத்தத் தட்டணுக்கள்ல செரோடோனின் (மனநிலையோட சம்பந்தப்பட்ட ரசாயனம்) கடத்தியை அளந்தாங்க. முதல் ரெண்டு குழுவிலும் ஒரே மாதிரி குறைவு. காதலே நோய்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஆனா சுத்திச் சுத்தி வர்ற எண்ணம் ரெண்டுக்கும் பொதுன்னு புரியுது. ஒசிடின்னா அதுக்கு மருந்தும் தனி சிகிச்சையும் இருக்கு.

கடைசியா, பின்தொடர்றது, வீட்டு வாசல்ல நிக்கிறது, வேற நம்பர்ல இருந்து கூப்பிடுறதுன்னு போயிருந்தா அது சட்டப்படி குற்றம், இப்போ தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78ஆவது பிரிவு. 2024 ஜூலைக்கு முன்னாடி பழைய இந்திய தண்டனைச் சட்டம், ஐபிசி 354டி. அப்போ முதல் கடமை எதிர்ப்பக்கம் இருக்கிறவரோட பாதுகாப்பு.

இளவெயில் எழுதியது:

அளவு எடுக்காமல் தொடங்குகிறவர்கள்தான் அதிகம், அதனால் பலன் இருந்ததா இல்லையா என்றே யாருக்கும் தெரிவதில்லை. முதல் வாரம் சிகிச்சை எதுவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் எடுங்கள்.

நினைப்பில் போகும் நேரத்துக்கு ஒசிடி அளவுகோலில் இருக்கும் பிரிவே போதும்: நாளுக்கு 1 மணிக்குள், 1–3, 3–8, 8க்கு மேல். கூடவே, ப்ரொஃபைல் அல்லது லாஸ்ட் சீன் பார்த்த தடவைகளை ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுக் குறிக்க வேண்டும். இரவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதிகூட வராது. ஏக்கம் உச்சத்தில் எவ்வளவு என்று 0–10க்கு ஒரு எண். இந்த மூன்றையும் ஒரே தாளில், சிகிச்சை முடியும்வரை.

ஹிப்னாஸிஸுக்கு எவ்வளவு ஒத்துழைப்பார் என்றும் பார்க்கலாம். ஹில்கார்டும் வைட்ஸன்ஹோஃபரும் 1962இல் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு அளவுகோல் சி வடிவத்தில் 12 பயிற்சிகள். பெரும்பாலோர் நடுவில்தான் நிற்பார்கள். குறைவாக வந்தாலும் கவலை வேண்டாம், தளர்வும் கற்பனைப் பயிற்சியும் அவர்களுக்கும் வேலை செய்யும். எனக்குக் கவலை தருவது அதிகமாக வருபவர்கள்தான். மணிக்கணக்கில் பகல் கனவில் அந்த ஆளோடு குடும்பமே நடத்துபவர்கள். அவர்கள் தினமும் தாங்களாகவே ட்ரான்ஸுக்குள் போய் வருகிறார்கள். கண்ணை மூடச் சொன்ன அரை நிமிடத்தில் அந்த முகம் வந்து நிற்கும். அதை எதிர்பார்த்துத் திட்டமிடாத தெரபிஸ்ட், கட்டணம் வாங்கிக்கொண்டு பகல் கனவுக்கு இடம் போட்டுக் கொடுத்தவர் ஆகிவிடுவார்.

வேம்படி எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டீர்கள். அமர்வு வாரியாக எழுதுகிறேன். வாரம் ஒன்று, மொத்தம் 6 முதல் 8. முதல் சந்திப்பு 75–90 நிமிடம், மற்றவை 50–60. அதில் ட்ரான்ஸ் 20–25 நிமிடம்தான். மிச்சம் முழுக்கப் பேச்சு.

முதல் சந்திப்பில் விவரம் சேகரிப்பதும் தீனியை நிறுத்துவதும். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸை ம்யூட், பழைய சாட்டை ஆர்க்கைவ். இன்ஸ்டாவில் அன்ஃபாலோ, முடியாவிட்டால் ம்யூட். கூகுள் ஃபோட்டோஸில் அந்த முகத்தையும் தேதிகளையும் 'மெமரீஸ்' பகுதியிலிருந்து மறைக்க வேண்டும். இதை மறந்தால் அந்த ஆப்பே பழைய படத்தை எடுத்துக் காட்டி மூன்று வார வேலையைக் கெடுக்கும். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பென்டிரைவில் போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்தாலே போதும். அழித்துவிட்டு அன்றிரவே பதறுகிறவர்கள் புதுப் படம் தேட மறுபடி ப்ரொஃபைலுக்குப் போவார்கள்.

இரண்டாம் அமர்வில் ட்ரான்ஸ் பழக்கம் மட்டும். கண் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்க வைப்பது, 1840களில் ஜேம்ஸ் ப்ரெய்டு கையாண்ட அதே கண் நிலைப்பு முறை. இரண்டு மூன்று நிமிடத்தில் இமை கனக்கும். பிறகு 10லிருந்து 1 வரை எண்ணிப் படி இறங்கி ஒரு பாதுகாப்பான இடம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "உங்களுக்குப் பிடித்த கடற்கரை" என்று தெரபிஸ்ட் தானாகவே ஆரம்பித்துவிடுவார். அது அவர்கள் இருவரும் சுண்டல் வாங்கித் தின்ற கடற்கரையாக இருக்கும். முன்கூட்டியே கேளுங்கள்: "இந்த இடத்துக்கு அவர் வந்திருக்காரா? கற்பனையிலயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" இரண்டாவது கேள்வி முக்கியம். பாட்டி வீட்டுத் திண்ணை, சின்ன வயசு மொட்டை மாடி, வாய்க்கால் மேடு என்று அந்த ஆள் நுழையாத இடமாகத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த அமர்வில் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மூன்றாவது, சங்கிலியை அறுப்பது. பகல் கனவுக்கு ஒரு வரிசை இருக்கும்: தூண்டுதல், முதல் படம், காட்சி, இனிப்பு, வலி, கை போனுக்குப் போவது. ட்ரான்ஸில் இதை மிக மெதுவாக ஓட்டி, தொடக்கத்து இரண்டு நொடியில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பிடிக்க வேண்டும். நெஞ்சில் ஒரு இழுப்பு, தொண்டை அடைப்பு, கட்டைவிரல் தானாக நகர்வது, ஆளுக்கு ஆள் மாறும். அந்த அடையாளத்தோடு ஒரு செயலைப் பூட்டுகிறோம்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அழுத்தி, 6 நொடி நீளத்துக்கு மூச்சு விட்டு, எதிரே இருக்கும் மூன்று பொருளின் பெயரை மனதில் சொல்வது. ஒரே ட்ரான்ஸில் ஐந்தாறு ஒத்திகை. ஏக்கம் 3 அளவுள்ள தூண்டுதலில் தொடங்கி 7 வரை. எடுத்த எடுப்பில் 9க்குப் போனால் அழுகை வெடிக்கும், பயிற்சி பதியாது.

நான்காவதில் படத்தை மாற்றுவது. அந்த ஆளை அசிங்கமாக, கொடூரமாகக் கற்பனை செய்ய வைக்கும் முறையைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். கெட்ட பழக்கத்தோடு அருவருப்பைக் கற்பனையில் இணைப்பது 1967இல் ஜோசப் கௌட்டேலா எழுதிய உத்தி. சிகரெட்டுக்கு ஒருவேளை சரி. இங்கே எடுபடாது, ஏனென்றால் வெறுப்புக்கும் அதே அளவு கவனம் வேண்டும். ஆள் மனதின் நடுவிலேயே நிற்பார். அதற்குப் பதில் சாதாரணமாக்குங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார், கொட்டாவி விடுகிறார், சில்லறைக்குப் பையைத் துழாவுகிறார். பின்னணி இசை இல்லை, மெல்லிய வெளிச்சம் இல்லை, இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. சாமானை வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போகிறார். காட்சி அங்கே முடிய வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தால் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள்.

ஐந்தாவது, அந்த ஆள் எந்தத் தேவைக்குப் பதிலாக நிற்கிறார் என்பது. ஆறாவது, வரப்போகிற அடிகளுக்கு ஒத்திகை: கல்யாணப் பத்திரிகை கைக்கு வருவது, உறவுக்காரர் விசேஷத்தில் நேருக்கு நேர் பார்ப்பது. ஏழும் எட்டும் இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம் என இடைவெளி விட்டு.

நான்காம் அமர்வு முடிந்தும் ப்ரொஃபைல் பார்க்கும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் தொடராதீர்கள். தீனி எங்கோ ஓடுகிறது, அல்லது பொருநை சொன்ன ஏதோ ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கிறது.

தணல் எழுதியது:

ஐந்தாவது அமர்வைச் சட்டென்று தாண்டிட்டீங்களே வேம்படி சார். வேர் அங்கேதானே இருக்கு. ஜான் வாட்கின்ஸ் 1971இல் எழுதின உணர்ச்சிப் பாலம் முறையில, இப்போ இருக்கிற ஏக்கத்தைப் பிடிச்சுக்கிட்டே "இதே உணர்வு முதல்ல எப்போ வந்தது"ன்னு பின்னாடி போகலாம். வெளியூர்ல இருந்த அப்பா, கண்டுக்காத வீடு, அப்படி ஏதாவது தட்டுப்படும். அதைத் தொடாம விரலை அழுத்துறது மட்டும் போதுமா?

வேம்படி எழுதியது:

போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே வருவதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலிசபெத் லாஃப்டஸும் பிக்ரெலும் 1995இல், சின்ன வயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத சம்பவத்தைச் சொல்லி, 24 பேரில் கால்வாசிப் பேரைப் பகுதியாகவோ முழுதாகவோ நம்ப வைத்தார்கள். அங்கே ஹிப்னாஸிஸ்கூட இல்லை. ட்ரான்ஸில் வந்த நினைவின் மேல் நம்பிக்கை கூடும், துல்லியம் கூடாது. அதனால் நான் காட்சியைத் தேடுவதில்லை, உணர்வோடு நிற்கிறேன். "அவர் உங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்களைப் பற்றி உங்களுக்கு என்ன உறுதியாகியிருக்கும்?" வரும் பதில் பெரும்பாலும் "நானும் ஒரு ஆள்னு" என்ற மாதிரி இருக்கும். அந்த உறுதியை வேறு எங்கிருந்து பெறலாம் என்பதுதான் அந்த அமர்வின் வேலை. ஜான் ஹார்ட்லேண்டு 1960களில் எழுதிய மனவலுவூட்டும் சஜெஷன்கள் (ட்ரான்ஸில் மனதில் பதியச் சொல்லும் வாக்கியங்கள்) இங்கே நன்றாகப் பொருந்தும்.

கயல் எழுதியது:

கூடாதவற்றில் முன்ஜென்ம ரிக்ரஷனையும், அதாவது ட்ரான்ஸில் போன பிறவிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லும் முறையையும், சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இது பரவலாக விற்கிறது. காதல் பித்தில் இருப்பவரை அதில் உட்கார வைத்தால் என்ன வரும்? போன பிறவியில் இருவரும் கணவன் மனைவி, பாதியில் பிரிந்தார்கள் என்றுதான் வரும். ஏற்கெனவே மனதில் இருக்கும் ஆசைக்கு ஜென்ம பந்தம் என்று முத்திரை குத்திக் கொடுத்தாயிற்று. அதன் பிறகு எந்தச் சிகிச்சையும் அவருக்குத் துரோகமாகவே தெரியும். காத்திருப்பை நிறுத்தப் போனவர் ஏழு பிறவிக்குக் காத்திருக்கத் தயாராகிவிடுவார். இந்தப் பிரச்சினைக்கு முன்ஜென்ம ரிக்ரஷன் கூடவே கூடாது.

இளவெயில் எழுதியது:

சஜெஷன் வார்த்தைகள் பற்றிக் கொஞ்சம். "அவரை நினைக்க மாட்டேன்" என்பது வேலைக்கு ஆகாது. 1987இல் டேனியல் வெக்னர் செய்த வெள்ளைக் கரடி சோதனை தெரிந்ததுதானே. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தடை நீங்கியதும் நினைப்பு கூடுதலாக வந்தது. எழுத்துத் தமிழும் வேண்டாம். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே இருக்கட்டும். மதுரைக்காரருக்கு மதுரைப் பேச்சு, யாழ்ப்பாணத்தவருக்கு அவர் பேச்சு.

"அந்த நினைப்பு வரும். வரும்போது நெஞ்சுல அந்த இழுப்பு எனக்குத் தெரியும். தெரிஞ்சதும் விரல் தானா சேரும், மூச்சு நீளமா போகும். நினைப்பு அது பாட்டுக்குப் போகும், நான் செஞ்சுக்கிட்டிருந்த வேலைக்குத் திரும்புவேன்."

"எனக்குப் பதில் கிடைச்சாச்சு. பதில் வராததே பதில். இனிமே போன் அடிச்சா அது வெறும் போன்."

இரண்டாவது, காத்திருப்பை நேராகத் தொடுவது. முதல் இரண்டு அமர்வில் சொன்னால் மனசு எதிர்க்கும். நான்காவதுக்குப் பிறகு சொல்லுங்கள்.

தணல் எழுதியது:

வீட்டுப் பயிற்சி ஆடியோ பத்தி நான் சொல்றேன். 12–15 நிமிஷம், தினம் ஒரு தடவை, ஒரே நேரத்துல. சொந்தக் குரல்ல பதிவு பண்றவங்க "நான்"னு சொல்லிப் பதியணும். முதுகு சாய உட்கார்ந்து கேட்கணும், படுத்துக்கிட்டு வேண்டாம். நிறைய பேருக்குப் படுக்கைதான் பகல் கனவு ஓடுற இடம், அங்கே போட்டா ஆடியோவும் அந்தக் கனவோட சேர்ந்துடும். தளர்வுக்கு 4 நிமிஷம், பாதுகாப்பான இடம் 3, விரல் பயிற்சி 4, 1லிருந்து 5 எண்ணி வெளியே வர 1 நிமிஷம்.

கேட்கும்போது அந்த ஆள் காட்சியில வந்துட்டா விரட்ட வேண்டாம். கண்ணைத் திறந்து, எழுந்து, முகம் கழுவிட்டு அன்னிக்கு நிறுத்திடுங்க. தொடர்ந்து மூணு நாள் அப்படி வந்தா அந்த ஆடியோவையே விட்டுட்டு தெரபிஸ்ட்கிட்ட சொல்லி இடத்தை மாத்தணும். வண்டி ஓட்டும்போது கேட்கவே கூடாது. அமர்வு முடிஞ்சாலும் பத்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுதான் டூ வீலரை எடுக்கணும்.

பாட்டுங்களுக்கு ஒரு உத்தி. ஹெட்போன்ல, இருட்டுல கேட்கிறதுதான் கெடுக்கும். அதே பாட்டை ஸ்பீக்கர்ல போட்டுட்டு மாசக் கணக்கு கூட்டுங்க, 300லிருந்து ஏழு ஏழா கழிங்க. நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹவுட் குழுவோட சோதனைகள்ல, மனசுல ஒரு காட்சியை வச்சுக்கிட்டே மூளைக்கு வேற வேலை கொடுத்தா அந்தக் காட்சியோட தெளிவும் உணர்ச்சியும் குறையுறது தெரிஞ்சது.

பொருநை எழுதியது:

ஒரே ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு முழுத் தொடர்பறுப்பு நடக்காது. அவங்களுக்கு: வேலைப் பேச்சு ஈமெயில்ல மட்டும், பதில் ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், டீ இடைவேளையை 20 நிமிஷம் தள்ளி வைக்கணும், தனிப்பட்ட கேள்வி வந்தா "நல்லா இருக்கேன்" அதோட நிறுத்தம். இதையே ட்ரான்ஸில் ஒத்திகை பார்க்கணும், காரிடார், லிஃப்ட், மீட்டிங் அறைன்னு ஒவ்வொண்ணா. அமர்வு எண்ணிக்கை கூடும்னு முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, யாரும் வெளியே பேசாதது. டென்னவ் சொன்ன மூணாவது வழி ஞாபகம் இருக்கா, வேற ஆள் மேல தாவுறது? அந்த வேற ஆள் தெரபிஸ்டா இருக்கிற வாய்ப்பு இங்கே அதிகம். மங்கலான அறை, தாழ்ந்த குரல், முழு கவனம், வாரம் ஒரு தடவை காத்திருப்பு. எல்லாமே பித்துக்குத் தோதான சூழ்நிலை. அதனால அமர்வுக்கு வெளியே சாட் கிடையாது, நேரம் மாத்த மட்டும் மெசேஜ். தொடுறது கிடையாது. கையைத் தூக்கிப் பார்க்கிற பயிற்சிக்குக்கூட முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கணும். துணைக்கு ஒருத்தரை வச்சுக்க விரும்பினா தடுக்கிறவர்கிட்ட போகாதீங்க. அமர்வு முடிஞ்சு ரெண்டு நாள் தெரபிஸ்ட் நினைப்பாவே இருந்தா வெட்கப்படாம அவர்கிட்டயே சொல்லணும். நல்லவர்னா அதைப் பேசி எடுத்துப்பார், தேவைன்னா வேற ஒருத்தர்கிட்ட அனுப்புவார்.

ஆளைத் தேர்ந்தெடுக்க: இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்சிஐல பதிவு எண் இருக்கணும், கேட்டு வாங்கிப் பாருங்க. மனநல மருத்துவர்னா மருத்துவ கவுன்சில் பதிவு. வார இறுதி வகுப்புச் சான்றிதழை மட்டும் மாட்டி வச்சிருக்கிறவர் போதாது, ஏன்னா ஹிப்னாஸிஸ் தனியா ஒரு சிகிச்சை கிடையாது. இர்விங் கிர்ஷ் குழு 1995இல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையோட (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாத்துற சிபிடி) ஹிப்னாஸிஸும் சேர்ந்தவங்க, அந்தச் சிகிச்சை மட்டும் எடுத்தவங்களைவிட நல்லா தேறியிருந்தாங்க. அடிப்படைச் சிகிச்சை தெரியாதவர் எதோட சேர்ப்பார்?

வேம்படி எழுதியது:

எப்போது நிறுத்துவது என்பதும் பதிவாகட்டும். நினைப்பே வராத நாளுக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள், அது இன்னொரு காத்திருப்பாகிவிடும். தொடர்ந்து நான்கு வாரம் ப்ரொஃபைல் பார்த்தது வாரத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ, நினைப்பு நாளுக்கு ஒரு மணிக்குள், தற்செயலாகப் பெயர் காதில் விழுந்தால் அதே நாளுக்குள் ஏக்கம் 3க்குக் கீழே இறங்குகிறது. இந்த மூன்றும் இருந்தால் அமர்வுகளை முடிக்கலாம்.

பிறகும் பிறந்தநாள், முதலில் பார்த்த தேதி, கல்யாணச் செய்தி போன்றவற்றில் ஒரு ஏற்றம் வரும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே காலண்டரில் குறித்து, அதற்கு மூன்று நாள் முன்பிருந்து ஆடியோவை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். அன்று மாலைக்கு ஆட்களோடு இருக்கிற மாதிரி ஒரு வேலை. ஏற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் ஒரு அமர்வு. அந்த அமர்வில் முதலில் கேட்க வேண்டியது ம்யூட் செய்தது இன்னும் ம்யூட்டில்தான் இருக்கிறதா என்பதை.